மஹருக்கு வராத மீன்கொத்தி

ஆங் மோ கியோ,
சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மாண்புமிகு வருங்கால மாமி ஃபர்சானா அவர்களின் மேலான சமூகத்துக்கு, தங்களுக்கு நிச்சயிக்கப்பட்ட அதீஃப் மாமாவின் அக்கா மகள் யும்னா பணிவோடு எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் உம்மா ஆமினா பீவி அவர்களும் தெம்பனிஸில் நல்ல சுகத்தோடும், கறை போன துப்பட்டியோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதச் சொன்னார் மாமா. எழுதிவிட்டேன். உண்மை என்னவென்றால், நேற்று ராத்திரியிலிருந்து மாமா சோற்றைப் பார்க்கிறார், சோறு மாமாவைப் பார்க்கிறது, இரண்டு பேரில் யாரும் முதலில் பேசுவதாக இல்லை.

நீங்கள் அவரை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. என்னையும் பிளாக் செய்துவிட்டீர்கள். அதில் இன்னும் அதிக நியாயம் இருக்கிறது. ஆகவே வேறு வழியில்லாமல் காகிதம். நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை என்பதால் கடிதம் நல்ல தமிழில் இருக்க வேண்டும், அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் சொன்னது “அன்புள்ள ஃபர்சானா, மன்னிச்சிடு” வரைக்கும்தான். அப்புறம் ஜன்னல் வழியாகக் கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கப் போய்விட்டார். எனவே மிச்சம் எல்லாம் என் சொந்தச் சரக்கு. தப்பிருந்தால் தாராளமாகச் சிவப்புப் பேனாவை எடுங்கள். வாக்கியத்தை அடியுங்கள், மாமாவை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

முதலில் இருந்தே வருகிறேன் மாமி. நிக்காஹ்வில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் என்ன வேண்டும் என்று பெரியவர்கள் உங்களைக் கேட்டபோது, நீங்கள் சங்கிலி கேட்கவில்லை, வளையல் கேட்கவில்லை, “அவருக்குப் பிடிச்சதையே குடுக்கட்டும்” என்று சொன்னீர்கள். நாணயம் சேர்க்கிற ஒரு மனிதரிடம் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் அதுதான். சாதாரண மனிதனாக இருந்தால் மோதிரத்தோடு போயிருக்கும். இவர் என்ன செய்தார்? அரசாங்க நாணயச் சாலை புதிதாக வெளியிடப்போகும் மீன்கொத்தித் தங்க நாணயம் என்று அறிவித்துவிட்டார். நிக்காஹ் பதிவுக்குப் போனபோது காதியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார்: “பறவையா தம்பி, காசா?” “காசுதான் ஹஜ்ரத். பறவை அதுல இருக்கும்.” “கையில இருக்கா?” “ஆர்டர் பண்ணிட்டேன், வந்துடும்.” காதியார் இன்ஷா அல்லாஹ் என்றார். அன்றைக்கு அந்த அறையில் விவரம் தெரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு மாமாவின் ஆர்டர் இணையத்தில் ‘தயாரிப்பில்’ என்று காட்டத் தொடங்கியது. காட்டியது, காட்டுகிறது, காட்டும். நீங்கள் மூன்று காலத்துக்கும் உதாரணம் தேடினால் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம். இடையிடையே நாணயச் சாலையிலிருந்து ஈமெயில் வரும். ஒவ்வொன்றிலும் தாமதத்துக்கு ஒரு காரணம் இருக்கும், முடிவில் ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று இருக்கும். மாமாவுக்குத்தான் எது கிடைத்தாலும் சேர்த்து வைக்கிற வியாதியாச்சே, அந்த நன்றிகளையும் பிரிண்ட் எடுத்துத் தேதிவாரியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அச்சடிக்கிற இடத்திலிருந்து இதுவரை வந்தது அச்சம் மட்டும்தான் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இது லிமிடெட் எடிஷன், லேட்டாத்தான் வரும், உனக்குப் புரியாது” என்றார். நிக்காஹ் தேதியும் லிமிடெட் எடிஷன்தான் மாமா என்று நான் சொன்னதற்கு என் போனை ஒரு நாள் பறித்து வைத்துக்கொண்டார்.

கடைசியில் என் உம்மா ஹலீமா, அதாவது உங்கள் வருங்கால நாத்தனார், பொறுமை இழந்து, “நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாடா” என்று விரட்டினார். மாமாவுக்கு நாலு வார்த்தை கேட்க வராது என்பதால் துணைக்கு என்னை அனுப்பினார். நாணயச் சாலையின் கவுண்டரில் நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். அங்கே சுசீலா என்று ஓர் அதிகாரி, ரொம்பத் தன்மையானவர். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“மீன்கொத்தி ரெடியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

“காசு ரெடி சார். பெட்டிதான் இன்னும் வரல.”

“எந்தப் பெட்டி?”

“காசு வைக்கிற மரப்பெட்டி சார். அது வந்தாத்தான் அனுப்ப முடியும்.”

“எனக்குப் பெட்டியே வேணாம். காசை மட்டும் குடுங்க, பாக்கெட்ல போட்டுட்டுப் போறேன்.”

சுசீலா அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், அதுல ஒரு கைரேகை பட்டாக்கூட போச்சு. அதைப் போய் பாக்கெட்லயா லா?”

அவ்வளவுதான் மாமி. சண்டை போடப் போன மனிதரின் முகம், பள்ளிவாசலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவர் முகம்போல ஆகிவிட்டது. “ஸாரிங்க, ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்” என்று மன்னிப்புக் கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பெட்டிக்கு எந்த மரம் நல்லது, உள்ளே வெல்வெட் வைத்தால் காசு கறுக்குமா என்று ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வரிசையில் இருந்த சீனத் தாத்தாவும் எழுந்து வந்து கலந்துகொண்டார். நான் மட்டும் நாலு வார்த்தையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் மாமா என்னிடம் சொன்னது: “பாத்தியா, எவ்வளவு பொறுப்பா வேலை செய்றாங்க!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட் பக்கத்துக் காப்பிக்கடையில், காசு சேர்க்கிறவர்கள் கூடுகிற இடத்துக்கு ஆறுதல் தேடிப் போனோம். அங்கே எல்லோரும் எதற்காவது காத்திருக்கிறவர்கள்தான். மூத்தவர் ஜெயரத்தினம் அங்கிள், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற குமாஸ்தா. மாமாவின் கதையைக் கேட்டு அவர் தே தாரிக் டீயை மெதுவாகக் கீழே வைத்தார். “தம்பி, இதுக்கெல்லாம் யோசிக்காதையும். நான் இருவாச்சிப் பறவை போட்ட காசுக்கு ஓடர் குடுக்கேக்கை என்ர மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தம். காசு வந்து சேரேக்கை பேரன் கையெழுத்துப் போட்டு வாங்கினவன்.” இதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார் மாமி. மாமா அன்றைக்கு ரொட்டி பராட்டாவை முழுசாக விட்டுவிட்டு எழுந்தார். நான்தான் வீணாக்காமல் சாப்பிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் பார்சல் வந்தது. வீடே கூடி நின்றது. உள்ளே இருந்தது நாணயத்தை நிறுத்தி வைக்கிற கண்ணாடி போன்ற ஒரு தாங்கி. மேடை வந்துவிட்டது, மாப்பிள்ளை வரவில்லை. மாமா அதையும் துடைத்துக் கூடத்து அலமாரியில் நடுநாயகமாக வைத்தார். காற்றைக் காட்சிக்கு வைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் உங்கள் உம்மா மஹரைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. இந்தப் பத்தியில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் தரப்பு என்று ஒன்று இருக்கிறதில்லையா? வெறும் தாங்கியைக் காட்டினால் நமக்குத்தானே அவமானம்? அதனால் முஸ்தஃபா கடையில் வாங்கிய, தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு ஒன்றை அதில் வைத்தேன். தூரத்திலிருந்து பார்க்கத்தான் வைத்தேன். உங்கள் உம்மா மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டு அதைக் கையிலேயே எடுத்துவிடுவார் என்றோ, எடுத்தவர் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு கல்யாணச் சாப்பாடு பற்றி அவ்வளவு நேரம் பேசுவார் என்றோ நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைத் துப்பட்டியில் பழுப்பாக வழிந்தபோது அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: “ஏன்மா ஹலீமா, தங்கம் இப்படியா உருகும்?” மாமாவோ கறையைப் பார்க்கவில்லை. “மாமி, கையுறை இல்லாமத் தொட்டுட்டீங்களே!” என்று அலறினார். அவரும் ஒரு நொடி நம்பிவிட்டார் பாருங்கள். அந்த நொடியில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

சரி, நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன் செய்தீர்கள். சாக்லேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “நிக்காஹ் பக்கத்துல வந்துடுச்சு. அந்த மீன்கொத்தி வேணாம். உங்க ஆல்பத்துல இருக்கிறதுல ஏதாவது ஒரு காசு குடுங்க, எனக்குப் போதும்” என்று சொன்னீர்கள். ஸ்பீக்கரில் இருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். இப்படி ஒரு பெண் சொன்னால் எந்த மாப்பிள்ளையும் ஓடிப் போய் ஆல்பத்தை எடுப்பான். நம் ஆள் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் கேட்டார்: “எந்த செட்டுல இருந்து? எதை எடுத்தாலும் செட் உடைஞ்சிடுமே.”

“அப்ப நான் உங்க எந்த செட்டுலயும் சேர மாட்டேன்ல?” என்றீர்கள். “நிக்காஹ்வ நிறுத்தச் சொல்லி வாப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்” என்றீர்கள். டக்.

என் உம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் சத்தியமாகச் சிரிக்கவில்லை. மாமா போனைப் பிடித்தபடியே நின்றார். “நான் என்ன தப்பா சொன்னேன்?” என்று கேட்டார். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அவருக்கே புரிந்தது. அப்போது நீங்கள் பிளாக் செய்து முடித்திருந்தீர்கள்.

மாமி, நான் வக்கீல் இல்லை, கேலி பேசுகிற பிள்ளை என்று பேர் வாங்கியவள். ஆனாலும் இதைக் கேளுங்கள். ஆல்பத்திலிருந்து ஒரு காசை எடுத்துக் கொடுப்பது இந்த மனிதரால் ஆகாத காரியம். நான் ஐந்து வயதில் ஒரு பழைய பத்துக் காசை எடுத்து ஐஸ் கச்சாங் வாங்கித் தின்றதற்கு இன்றுவரை பெருநாளைக்குப் பெருநாள் எனக்கு அதை ஞாபகப்படுத்துகிறவர். அதை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் காத்திருக்கச் சொல்லுங்கள், காத்திருப்பார். எவ்வளவு இழுத்தடித்தாலும் ஆர்டரை ரத்து செய்ய அவருக்கு மனசே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்டவர் உங்களையும் ரத்து செய்ய மாட்டார். காசை மூடி வைக்கிற பிளாஸ்டிக் கேப்ஸ்யூலில் உங்களையும் போட்டு வெயில் படாமல் வைத்துக்கொள்வார், அதுதான் ஒரு சின்னப் பிரச்சினை. எனவே நாணயச் சாலை மனம் இரங்கும்வரை தயவுசெய்து வாப்பாவிடம் பேச வேண்டாம். தேவைப்பட்டால் நிக்காஹ்வையே கொஞ்சம் தள்ளி வைக்கலாம். நிலவரம்: தயாரிப்பில். உங்கள் பொறுமைக்கு நன்றி.

தங்கள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எங்கள் எல்லோருடைய ஸலாம். துப்பட்டிக்குத் தனியாக ஒரு ஸலாம். அல்லாஹ் உங்கள் கோபத்தைக் குறைத்து, அரசாங்க அலுவலகங்களின் வேகத்தைக் கூட்டுவானாக.

இப்படிக்கு,
பிளாக் செய்யப்பட்ட,
யும்னா

பி.கு.: மாமி, மேலே இருப்பது எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். இதை எம்ஆர்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் அது ரயில்.

கையெழுத்துப் போட்டுக் கவரைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கூரியர்காரர். மீன்கொத்தி வந்துவிட்டது! மாமா கை கழுவி, கையுறை போட்டு, பிஸ்மி சொல்லித் திறந்தார். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம், மாமா சொல்லவில்லை. எழுந்து போய்ப் பறவை ஆல்பத்தைக் கொண்டுவந்து திறந்தார். அதில் எல்லாப் பறவையும் இருந்தது, ஒரே ஒரு குழிதான் காலி. ஒருவருக்கு ஒரு நாணயம்தான் என்பது விதியாம், இன்னொன்று வாங்கவும் முடியாதாம். மாமா மீன்கொத்தியை அந்தக் குழியில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. நிச்சயதார்த்தப் போட்டோவில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை, மன்னிக்கவும்.

“அதீஃப், அது ஃபர்சானாவோடது” என்றார் உம்மா.

“தெரியும்க்கா.”

“அப்ப எதுக்குடா உள்ள வச்ச?”

“சும்மா, எப்படி இருக்குன்னு பாத்தேன்.”

“பாத்துட்டல்ல? எடு.”

எடுக்கவில்லை. நான் மனசுக்குள் உங்களுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தேன். அப்போது மாமா கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்குகிற மாதிரி, அதை நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். “அவகிட்டக் குடுத்துடு. நான் மனசு மாறுறதுக்குள்ள ஓடு, யும்னா” என்று சொல்லிவிட்டு நேராகப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளே இருந்து குரல் வந்தது: “கேப்ஸ்யூலத் திறக்க வேணாம்னு சொல்லு!” நான் செருப்பு மாட்டும்போது, “இல்ல, அது அவளோடது, அவ இஷ்டம்னு சொல்லு!” லிஃப்ட் வரைக்கும் போய்விட்டேன், அங்கேயும் கேட்டது: “ஆனா திறக்க வேணாம்னு சொல்லு!”

கவர் கனமாக இருப்பது அதனால்தான். முறைப்படி மஹரை அவர் கையால்தானே நீங்கள் வாங்க வேண்டும், அதனால் நிக்காஹ் அன்று காலையில் மட்டும் அவரிடம் இரவல் கொடுங்கள். அதுவரை உங்களிடமே இருக்கட்டும். அவரிடம் இருந்தால் அவரை நம்ப முடியாது என்று அவரே ஓடச் சொல்லிவிட்டாரே.

இப்போது உங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன், மணி அடிக்கப் போகிறேன். படித்ததும் தயவுசெய்து மாமாவை அன்பிளாக் செய்து ஒரு வார்த்தை அனுப்புங்கள், என்ன வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை. உம்மா இப்போதுதான் எனக்குச் செய்தி அனுப்பினார்: ‘இன்னும் உள்ளதான் இருக்கான். நான் குளிக்கணும்.’