அடுத்த நிகழ்ச்சியாக ஒரு தோல்வி

ரகசியம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் மைக்செட் அண்ணன்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவென்று மந்தைவெளியில் ஒருத்தருக்கும் தெரியாது. கடை போர்டில் 'சவுண்ட் சர்வீஸ்' மட்டும்தான் மிச்சம், மேலே இருந்த பேர் ஏதோ ஒரு மழையில் கரைந்துவிட்டது. கேட்டால், "மைக்செட்டுனு கூப்டு நைனா, வருவேன்" என்பார். கூப்பிடாமலும் வருவார் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சைதாப்பேட்டையில் ஒரு தடவை இலவச சர்க்கரை நோய் முகாம் நடந்தது. டோக்கன் நம்பரைக் கூப்பிடத்தான் அவரை வரச்சொன்னார்கள். அண்ணன் டாக்டர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, வந்தவர் பேர், இருக்கும் தெரு, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதுவரை மகிழ்ச்சியோடு அறிவித்துவிட்டார். அன்றைக்கு இரண்டு கல்யாணப் பேச்சு நின்றுபோனதாகக் கேள்வி.

மைக் கையில் இல்லாதபோது அண்ணன் பேசுவது அசல் மெட்ராஸ் தமிழ். மைக்கைப் பிடித்துவிட்டால் மேடைத் தமிழ்தான். "அடுத்த நிகழ்ச்சியாக... நடைபெறும் என்பதை விழாக் குழுவின் சார்பாக மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று நீட்டி முழக்குவார். சொன்னால் நடந்தாக வேண்டும், அதில் மனுஷன் கறார். நொச்சிக்குப்பம் திருவிழாவில் அடுத்தது கரகாட்டம் என்று அறிவித்துவிட்டார், கரகக்காரர்கள் வந்த வேன் எங்கேயோ மாட்டிக்கொண்டது. அண்ணன் யோசிக்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, கோயிலில் இருந்த கரகத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆடினார். கரகம் மூன்று தடவை விழுந்தது, அறிவிப்பு பொய்க்கவில்லை.

இப்பேர்ப்பட்டவர் எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் வந்து சேர்ந்தார்.

சிரிக்காதீர்கள். அடையாறு பக்கம் இருந்த எங்கள் காலேஜில் அப்படி ஒரு டீம் நிஜமாகவே இருந்தது. கிரிக்கெட்டில் எடுக்காதவன், வாலிபாலில் துரத்தப்பட்டவன், எங்கேயும் சேர்த்துக்கொள்ளாதவன் எல்லாம் சேர்ந்து ஆரம்பித்தது. தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்து மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு எதிராளியின் கடைசிக் கோடுவரை ஓடினால் ஆறு பாயிண்ட். ஓடவிடாமல் பதினொரு தடியன்கள் மேலே விழுவார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் எல்லோரும் வட்டமாகக் கூடி, யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று குசுகுசுவெனப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆட்டத்தின் உயிரே அந்தக் குசுகுசுப்பில்தான் இருக்கிறது.

கேப்டன் அஸ்லம், பந்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவன். ஓடுகிறவன் பார்த்தா, மயிலாப்பூர்ப் பையன். வீட்டில் சஹஸ்ரநாம கிளாஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவான். நான் சென்டர். குனிந்து கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் அஸ்லமிடம் கொடுக்க வேண்டும், கொடுத்த அடுத்த நொடி எதிராளி டீமிலேயே பெரிய உருவம் எதுவோ அது என்மேல் படுத்துக்கொள்ளும். அந்த சீசனில் நான் பார்த்ததெல்லாம் புல்லும் மற்றவன் வயிறும்தான்.

முதல் மேட்சுக்கு ஒரு சிறப்பு விருந்தினர் பேச வந்தார், அதற்காகத்தான் மைக்செட் அண்ணனைக் கூப்பிட்டோம். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு வந்தார். விருந்தினர் பேசிவிட்டுக் கிளம்பினார். அண்ணன் கிளம்பவில்லை.

"இன்னாபா இது, ஃபுட்பாலுன்ற, அல்லாரும் கையிலயே தூக்கிக்கினு ஓட்றானுங்க?"

"அமெரிக்காவுல இப்படித்தான்ணே."

"அந்த ஊர்ல கால் வலியா?" என்றபடி மைக்கை எடுத்தவர்தான். அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்கு முன்னாலேயே கிரவுண்டுக்கு வந்து, தூங்குமூஞ்சி மரத்தில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நிற்பார்.

முதல் மேட்ச் தோற்றோம். ஒரு பாயிண்ட் கூட எடுக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. பார்த்தா வலப்பக்கம் ஓடினால் அங்கே பதினொரு பேரும் தயாராக நிற்பார்கள். இடப்பக்கம் ஓடினால் இவனுக்கு முன்னாலேயே போய் நின்றிருப்பார்கள். அஸ்லமுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. "மச்சி, நம்ம டீம்ல எவனோ போட்டுக் குடுக்கறான்டா" என்று மற்ற பத்து பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தான். என்னையும் விசாரித்தான். குர்ஆன், கீதை இரண்டும் கொண்டு வந்து சத்தியம் வாங்கினான்.

மூன்றாவது மேட்சில்தான் குட்டு உடைந்தது. நான் குனிந்து பந்தில் கை வைத்திருந்தேன். ஹெல்மெட் கொஞ்சம் நகர்ந்து ஒரு காது வெளியே வந்தது. அப்போது மரத்து மேலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"அடுத்த நிகழ்ச்சியாக, நமது அஸ்லம் தம்பி அவர்கள், பந்தினை வலது பக்கமாக, பார்த்தா தம்பி அவர்களிடம் வழங்குவார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அனைவரும் கரவொலி எழுப்பி ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அடப்பாவி மனுஷா! நாங்கள் வட்டமாகக் கூடிப் பேசும்போது தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து நிற்பாரே, அது எங்கள் தாகம் தீர்க்க இல்லை. நிகழ்ச்சி நிரல் வாங்கிப் போக.

மூன்று மேட்சாக உங்களுக்குக் காது கேட்கவில்லையா என்று கேட்பீர்கள். ஆடி மாசம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்த காது சார் இது. அந்தச் சத்தம் விழும், உள்ளே போகாது. எதிராளிக்கு மட்டும் எப்படிப் போனது என்றால், அவர்களுக்கு அதில் லாபம் இருந்தது.

அஸ்லம் கொதித்துப் போய் ஓடினான். "அண்ணே, நாங்க என்ன செய்யப்போறோம்னு மைக்ல சொல்லலாமா?"

"சொல்லாம? ப்ரோகிராம் இன்னான்னு தெரியாம ஜனம் எப்டிபா குந்திக்கினு இருக்கும்?"

"ஜனமா? நாலு பேரும் ஒரு நாயும்ணே!"

"ஏன், நாய்க்குத் தெரிய வோணாமா?"

அஸ்லம் கொஞ்சம் இறங்கி வந்தான். "சரிண்ணே, ஒண்ணு பண்ணுங்க. வலதுன்னா இடதுன்னு சொல்லுங்க, இடதுன்னா வலதுன்னு சொல்லுங்க. அவனுங்க ஏமாந்துடுவானுங்க."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "இத பாரு தம்பி. இத்தினி வருசத்துல இந்த மைக்ல ஒரு பொய் சொன்னது கெடையாது. பொய் சொல்றதுக்கு வேற ஆளுங்க கீறாங்க, மேட போட்டுக் கூப்டுக்கோ."

வாயையே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். நாலாவது மேட்சில் கால் மணி நேரம் தாங்கினார். உதட்டை இறுக்கி, மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிரசவ வலி எடுத்தவர் மாதிரி நடந்தார். அப்புறம் தாங்கவில்லை, கொட்டிவிட்டார். ஐந்தாவது மேட்சில் பார்த்தா கீழே விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டதும், "மயிலாப்பூர் பார்த்தா தம்பியின் உறவினர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்" என்று அலறினார். அந்தப் பக்கம் வாக்கிங் வந்த பார்த்தாவின் அத்தை காதில் அது சரியாக விழுந்தது. சஹஸ்ரநாம கிளாஸ் அன்றோடு முடிந்தது.

"ஆத்துல என்னடா சொன்னா?" என்று மறுநாள் கேட்டோம்.

"அம்மா ஒண்ணுமே சொல்லலைடா. ஹெல்மெட்டைப் பிடுங்கி மோந்து பாத்தா. அலம்பி வெயில்ல காய வெச்சுட்டா. நன்னா விளையாடிட்டு வான்னு சொல்லிண்டே உள்ள போய்ட்டா" என்றான் பார்த்தா, அவனே நம்பாத மாதிரி.

ஐந்து மேட்ச், ஐந்து தோல்வி, எங்கள் கணக்கில் முட்டை. பிரின்சிபால் எங்களைக் கூப்பிட்டார். "பேட்ஸ்மேன் டக் அவுட் ஆகிப் பார்த்திருக்கேன். ஒரு சீசனே டக் அவுட் ஆகி இப்பதான்யா பார்க்கறேன். கடைசி மேட்ச்ல ஒரு பாயிண்ட்டாவது எடுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் டீம் கிடையாது. அந்த கிரவுண்டுல கார் நிறுத்திக்கறோம்."

வெளியே வந்தோம். வேறு டீமுக்குப் போ என்றால் போக முடிந்தவர்களா நாங்கள்? இந்த நாட்டிலேயே எங்களைச் சேர்த்துக்கொண்ட ஒரே டீம் இது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அஸ்லம் மந்தைவெளிக் கடைக்குப் போனான், நானும் கூடப் போனேன். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. கடைசி மேட்சுக்கு மட்டும் நீங்க வர வேணாம்." அண்ணன் ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சரி தம்பி" என்றார். அவ்வளவு சின்ன வாக்கியம் அவர் வாயிலிருந்து அதுவரை வந்ததே இல்லை.

கடைசி மேட்ச் ஓ.எம்.ஆர். பக்கத்து டீமோடு. நாங்கள் அதுவரை மோதாத டீம். அவர்கள் கோச் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் டேப்லெட் வைத்து, எங்கள் ஒவ்வொரு அசைவையும் எதற்கோ குறித்துக்கொண்டார். எங்கள் மரத்தில் ஸ்பீக்கர் இல்லை. ரகசியம் ரகசியமாகவே இருந்தது. ஆனாலும் துவைத்து எடுத்தார்கள். ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம்.

"என்னடா இது, யாராத்துக்கோ துக்கத்துக்கு வந்தாப்ல இருக்கு" என்றான் பார்த்தா. உண்மைதான். இத்தனை ஞாயிறும் விழுந்தாலும் எழுந்தாலும் எங்கள் பேரை ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அது இல்லாமல் அடி வாங்குவது ரொம்ப வலித்தது.

அஸ்லம் கேட் பக்கம் பார்த்தான். நானும் பார்த்தேன். வெளியே மீன்பாடி வண்டி நின்றது. அண்ணன் அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஸ்லம் டைம்-அவுட் கேட்டுவிட்டு ஹெல்மெட்டோடு அங்கே ஓடினான், நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, மைக்கை எடுங்க."

"வோணாம்பா. நான் வாயத் தொறந்தா நீங்கோ தோத்துடுவீங்கோ."

"தொறக்காமயே நாப்பத்தொண்ணு வாங்கியாச்சுண்ணே. தோக்கறதுன்னா உங்களோடவே தோத்துட்டுப் போறோம். எங்க பேரைச் சொல்லுங்கண்ணே."

அண்ணன் வண்டியிலிருந்து இறங்கினார். ஆம்ப்ளிஃபயர் மேலிருந்த தார்ப்பாயை விலக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்து இன்னா ப்ரோகிராம்?" என்றார்.

அஸ்லம் ஒரு நொடி தயங்கினான். பிறகு உள்ளதைச் சொன்னான். "பார்த்தா. இடப்பக்கம்."

வண்டியை உள்ளே தள்ளி வந்து அண்ணன் மைக்கைத் தட்டினார். நான் குனிந்தேன். "அடுத்த நிகழ்ச்சியாக, நமது பார்த்தா தம்பி அவர்கள், பந்தினை எடுத்துக்கொண்டு இடது பக்கமாக ஓடுவார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கறுப்புக் கண்ணாடி துள்ளி எழுந்தார். மேட்ச் முழுக்கச் சத்தமே இல்லை. திடீரென்று கேப்டன் ஓடிப்போய் ஒருத்தர் காதில் ஏதோ சொல்கிறான், அவர் மைக்கில் அதையே அறிவிக்கிறார். படித்த மனுஷன் நம்புவாரா? "ட்ரிக்! ட்ரிக்! நம்பாதீங்கடா! அவன் வலது பக்கம்தான் ஓடுவான், எல்லாரும் அங்க போங்க!" என்று கத்தினார். அவர்கள் பதினொரு பேரும் ஒழுக்கமான பிள்ளைகள். எனக்கு எதிரே நின்றவனைத் தவிர மற்ற எல்லோரும் அப்படியே போனார்கள்.

பந்தைப் பின்னால் கொடுத்தேன். வழக்கம்போல ஒரு மலை என்மேல் விழுந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நான் ஸ்பீக்கரில் கேட்டதுதான்.

"பார்த்தா தம்பி அவர்கள் இடது பக்கமாக... ஓடுகிறார்... யாரும் இல்லை... டேய், யாருமே இல்லபா! தீவாளி மத்தியானம் உஸ்மான் ரோடு கணக்கா காலியா கீதுபா! ஓடு நைனா! திரும்பிப் பாக்காத! போய்க்கினே இரு! போய்க்கினே..."

அதோடு குரல் நின்றுவிட்டது. போச்சு, விழுந்துட்டான் என்று நினைத்தேன். மேலே கிடந்தவன், "என்ன ப்ரோ ஆச்சு?" என்றான். "தெரியல ப்ரோ, நீ எழுந்தா பாக்கலாம்" என்றேன். ஸ்பீக்கரில் கரகரவென்று இரைச்சல், நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். மைக் முன்னால் அண்ணனுக்கு வார்த்தை வராமல் போனது அன்றைக்குத்தான்.

ஆறு பாயிண்ட்! கிரவுண்டின் அந்தக் கோடியில் ஒன்பது பேரும் பார்த்தாமேல் விழுந்து குதித்தார்கள், சிறப்புப் பார்வையாளராக நாயும் ஓடியது. நாற்பத்தொன்றுக்கு ஆறு என்று தோற்றோம். டீம் பிழைத்தது. இந்த வருஷமும் எல்லா மேட்சும் தோற்றார்கள் என்று ஜூனியர் பையன்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

நான் மட்டும் இந்தக் கோடியில் மல்லாந்து கிடந்தேன். மலை எழுந்து போய்விட்டது, எனக்கு மூச்சு வரவில்லை. கொண்டாட்டத்தில் ஒருத்தனுக்கும் என் ஞாபகம் இல்லை, அதில் தப்பும் இல்லை, சென்டரை யார் பார்ப்பார்கள். அப்போது ஸ்பீக்கர் திரும்ப உயிர் பெற்றது. மேடைத் தமிழ் இல்லை, குரலும் உடைந்திருந்தது.

"யப்பா, அல்லாரும் அங்கயே குதிச்சிக்கினு கீறீங்களே, பந்த குனிஞ்சி எடுத்துக் குடுத்துச்சே ஒரு புள்ள, அது இங்க கீழ கெடக்குதுபா. யாராச்சும் வந்து தூக்குங்கபா."

ஒருத்தரும் வருவதற்குள் மைக்கைக் கீழே போட்டுவிட்டு அவரே ஓடி வந்துவிட்டார்.