மரகதம் அக்காவின் பாட்டில் நான் கண்டுபிடித்த ஏழு கோளாறுகள்

அடுத்தவர் பாட்டைக் குறை சொல்லத் தகுதி எதுவும் தேவையில்லை. இரண்டு காதுகள் போதும். என்னுடையவையோ அரசாங்கச் செலவில் பயிற்சி பெற்ற காதுகள். வினை அங்கேதான் தொடங்கியது.

சுதந்திரம் வந்த மறுவருடம் மலாக்கா தொலைபேசி நிலையத்தில் இணைப்புகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். கம்பியில் எங்கே இரைச்சல், எங்கே குரல் உடைகிறது, எத்தனை வினாடி மௌனம் என்று அட்டையில் எண் போட்டு எழுத வேண்டும். (வீட்டில் மீன் குழம்புக்கும் ஓர் அட்டை எழுதினேன். அம்மா அதை அடுப்பில் போட்டார்.)

அப்போதுதான் மரகதம் அக்காவின் புதிய இசைத்தட்டுத் தொகுப்பு வந்தது. அவர் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தின் நட்சத்திரம். மேடை ஏறினால் புக்கிட் பாருவிலிருந்தெல்லாம் சைக்கிளில் ஆள் வரும். அதுவரை பாடியது எல்லாம் குதூகலப் பாட்டு. இந்த நான்கு தட்டுகளும் அவரே எழுதிய சொந்தக் கதை: ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன கணவர், திரும்பி வராத கணவர்.

தட்டு விற்ற பாய், "ஆடற மாதிரி ஒண்ணுகூட இல்லையே, தங்கச்சி" என்று வருந்தினார். வீட்டுச் சங்கதியை ஒரு பெண்பிள்ளை தட்டில் ஏற்றி விற்கலாமா என்று கோப்பிக்கடையில் வழக்கு நடந்தது. சிலர் கேட்டு முடித்ததும் வாய் திறக்காமல் எழுந்து போனார்கள். (அவர்கள்தான் நல்ல விமர்சகர்கள் என்று இப்போது தெரிகிறது.)

நான் உள்ளூர் வார இதழுக்கு எழுதினேன். விமர்சனம் என்று நினைத்து அனுப்பியது, அசல் கோளாறு அட்டை. மொத்தம் ஏழு. மூன்றாம் தட்டில் மட்டும் நான்கு: குரல் உடைகிறது, மூச்சு கேட்கிறது, பாடிய வரியே திரும்ப வருகிறது, கணவர் பெயர் வருமிடத்தில் நான்கு வினாடி மௌனம் (கருவிப் பழுதாக இருக்கலாம்). கடைசியில், 'மறுபதிவு செய்தல் நலம்.' ஆசிரியர் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார். உறவுக்காரர் எல்லோருக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தேன்.

மறுவாரம் மரகதம் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சண்டை வரும் என்று மூன்று பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கையிலோ என் கட்டுரையை அழகாகக் கத்தரித்த துண்டு.

"எல்லாரும் நல்லாருக்கு, நல்லால்லன்னுதான் சொல்றாங்க. நீ ஒருத்திதான் எங்க எங்கன்னு எழுதியிருக்க. படிச்ச பிள்ளை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த நாலு வினாடி மெஷின் இல்லம்மா. அவர் பேரு வந்ததும் தொண்டை அடைச்சிக்கிச்சி. அது தப்புதானே?"

'இல்லை' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. என்னிடமோ மூன்று பதில்கள் தயாராக இருந்தன. இரண்டாவதைச் சொன்னேன்.

"கேக்கறவங்களுக்கு மெஷின் நின்ன மாதிரிதான் தெரியும், அக்கா."

அவர் தலையாட்டிக்கொண்டார். சிங்கப்பூர் போய் மூன்றாம் தட்டை மறுபடி பாடினார். முதல் பிரதியை என்னிடம்தான் கொண்டுவந்தார். எங்கள் கிராமபோனில் ஓடவிட்டு, நான் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். எல்லாம் திருத்தியாயிற்று. கணவர் பெயர் யாரோ ஒருவர் பெயர்போல நிற்காமல் ஓடிப்போனது. பழைய தட்டைக் கேட்டபோது அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்று அழுதார். இந்த முறை சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப குறை இல்லல்ல?"

"இல்லக்கா" என்றேன். அது உண்மைதான். குறை ஒன்றும் இல்லை. வேறு எதுவும் இல்லை.

பழையதைப் பிறகு அச்சிடவே இல்லை. கேட்டு வந்தவர்களுக்குப் பாய் புதியதைப் போட்டுக் காட்டுவார், பாதியிலேயே போய்விடுவார்களாம். மரகதம் அக்கா மறுபடி குதூகலப் பாட்டுக்குத் திரும்பினார். சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. மேடையில் இப்போதும் பிசிறில்லாமல் பாடுகிறார். என்னைப் பார்த்தால் அன்பாகக் கையசைக்கிறார்; அதுதான் தாங்கவில்லை.

எங்கள் வீட்டில் என் கோளாறு அட்டை ஓயாத வேடிக்கை. போன வருடம் என் கல்யாணத்தில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்து அழும்மா. தங்கச்சி எத்தனை வினாடின்னு மணி பாக்குது லா" என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து நின்றார்.