எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் எது?

மிகுந்த மரியாதைக்கும் அதைவிட மிகுந்த பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சித்தப்பாவும் நலம். தண்ணீர்க் குழாய் மட்டும் நலமில்லை, அதன் கதை கீழே வருகிறது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ‘அக்கா’ என்று வாயைத் திறப்பதற்குள் நீ மொத்தத்தையும் பேசி வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதம்.

அத்தான் போன பிறகு நீ மகன் வீட்டு ஹாலில், எல்லோரும் டிவி பார்த்து எழுந்து போகும்வரை ஒரு நாற்காலியில் காத்திருந்துவிட்டுத்தான் படுக்கிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான், தோட்டமெல்லாம் புதர் மண்டிக் கிடக்கிறது, அதைப் பார்க்காதே, நம் வீட்டுக்கே வந்துவிடு என்றேன். அதற்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எனக்கு மனப்பாடம். “முன்னாடி எனக்கு ஒரு ரூம் போடு, தம்பி. பின்னாடி தோட்டத்தைச் சுத்தம் பண்ணிக்கலாம்.” தெளிவான உத்தரவு. வீட்டுக்கு முன்னால் அறை, வீட்டுக்குப் பின்னால் சுத்தம். உடனே பொக்லைன் வண்டிக்குச் சொல்லிவிட்டேன்.

வண்டி வந்தது. டிரைவர் இறங்கி வந்து, பின்தோட்டம் எது என்று கேட்டார். வேலைக்காலம் முழுக்க சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து எல்லைத் தகராறு தீர்த்து வைத்தவன் நான். சொந்த வீட்டுக்குப் பின்பக்கம் எது என்று ஒரு மனுஷன் கேட்டதும் தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது, எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை.

குற்றம் என்னுடையதல்ல, நம் தோட்டங்களின் வரலாறு அப்படி. தாத்தா வீடு கட்டும்போது சாலையே கிடையாது, விளைந்ததெல்லாம் படகில்தான் போனது, அதனால் வாசலைக் கால்வாயைப் பார்த்து வைத்து எதிரே வாழை போட்டார், அது முன்தோட்டம். வீட்டின் முதுகுப் பக்கம் மாட்டைக் கட்டிப் பூசணிக்கொடியை ஓடவிட்டார், அது பின்தோட்டம். அப்பா காலத்தில் அந்த முதுகுப் பக்கமாகத் தார்ச்சாலை வந்தது. வியாபாரிகள் வந்து இறங்கும் இடத்தில் சாணியா என்று அப்பாவுக்குக் கௌரவப் பிரச்சினை ஆகி, கால்வாய் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, சாலைப் பக்கச் சுவரை உடைத்துப் புது வாசல் வைத்தார். பூசணி போய் ரோஜா வந்தது, நீ நட்ட கொய்யாவும் அங்கேதான் நிற்கிறது. ஆக, பின்தோட்டம் முன்தோட்டமாகிவிட்டது, வாழைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அம்மாவோ கடைசிவரை அந்த வாசலை ஒத்துக்கொள்ளவே இல்லை. முன்னாடி போய்த் தார் பழுத்திருக்கிறதா பார் என்பாள், நான் போய் ரோஜாச் செடிகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் என் காலம். சாலையை அகலப்படுத்தினார்கள், லாரி ஹாரன் தலையணைக்கடியிலேயே அடிப்பது மாதிரி இருந்தது, கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த வாசலையும் மூடி, பக்கவாட்டில் எலுமிச்சை இருந்த பக்கம் திறந்துகொண்டேன். மூன்று தலைமுறையில் வீடு நின்ற இடத்திலேயே முக்கால் சுற்று சுற்றியிருக்கிறது. இப்போதைய வாசலுக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால், தோட்டமே இல்லை, பக்கத்து நிலத்துக்காரரின் மதில்தான் இருக்கிறது.

டிரைவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த மதிலையா சார் சுத்தம் பண்ணணும்?” என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். நம் மரத்து இலை ஒன்று விழுந்தாலும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிற மனுஷர், நாங்கள் அவரை நோட்டீஸ்காரர் என்றுதான் சொல்வோம். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி. “வீட்டுக்கு மூஞ்சி ஒண்ணுதான்டா. வாசலை மாத்தினா மூஞ்சி மாறிடுமா?” என்று சாதிக்கிறார். அவர் கணக்குப்படி அறை வாழைக்குள், சுத்தம் பண்ண வேண்டியது கொய்யாப் பக்கம். அப்பா கணக்குப்படி அறை கொய்யா இருக்கும் இடத்தில், சுத்தம் பண்ண வேண்டியது வாழை. எப்படிப் பார்த்தாலும் உன் கொய்யாவுக்கு ஆயுள் இல்லை. என் கணக்குப்படி போனால் கொய்யா தப்பிக்கும், ஆனால் அறை எலுமிச்சை மேல் விழும். அவை உன் தம்பி பெண்டாட்டி கன்றிலிருந்து வளர்த்தவை. அவற்றில் கை வைத்தால், நீ பெட்டியோடு உள்ளே வரும் அன்றைக்கு அவள் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போவாளாம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதாக இல்லை என்று தெரிந்ததும் டிரைவர் வண்டியைத் திருப்பினார். வண்டிக்குப் பின்னால் குழாய் இருப்பதைப் பார்த்துவிட்டு இவள் “பின்னாடி, பின்னாடி” என்று கத்தினாள். அவர், வீட்டுக்கார அம்மா ஒருவழியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து, சந்தோஷமாகப் பின்னாடியே போனார். குழாய் போனது, துவைக்கிற கல் போனது, வாழைக்குள் வெள்ளம், அதில் சித்தப்பா உட்கார்ந்த நிலையில் இருந்தார். அடி ஒன்றும் இல்லை. தான் உட்கார்ந்திருப்பது முன்தோட்டத்தில்தான் என்று சேற்றில் இருந்தபடியே மறுபடியும் சொன்னார்.

ஆகவே அக்கா, எனக்கு ஒன்றே ஒன்றைத் தெளிவுபடுத்து. நீ சொன்ன முன்னாடி, தாத்தாவின் முன்னாடியா, அப்பாவின் முன்னாடியா, என் முன்னாடியா? மரம் போனால் இன்னொன்று நட்டுக்கொள்ளலாம். தப்பான இடத்தில் அறையைப் போட்டு, நீ வந்து பார்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனால், மறுபடியும் அந்த ஹாலும் நாற்காலியும்தானே. அதுதான் எனக்குப் பயம். பதில் வரும்வரை ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

மகனுக்கும் மருமகளுக்கும் ஆசிகள். பேத்திக்கு எங்கள் அன்பு. சித்தப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
திசை தெரியாமல் நிற்கும் உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இவளிடம் படித்துக் காட்டினேன். அந்த மெசேஜை இன்னொரு தடவை போடச் சொன்னாள். “ஏங்க, உங்க அக்கா இடத்தையே சொல்லலைங்க. முன்னாடின்னா முதல்ல. பின்னாடின்னா அப்புறமா. முதல்ல அவங்களுக்கு ஒரு ரூம் வேணுமாம், தோட்டத்தை அப்புறம் பார்த்துக்கலாமாம். அவ்வளவுதான்” என்றாள். அக்கா, மேலே எழுதினதையெல்லாம் படிக்காதே, படிச்சிருந்தா மறந்துடு. நீ படுக்க ஒரு இடம் கேட்டிருக்கே, நான் தோட்டத்துக்கு வரலாறு எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இவ இப்பவே எங்க ரூம்ல இருந்து என் துணிமணியெல்லாம் எடுத்து வெளியே வெச்சிட்டா. உனக்கு அந்தக் கட்டில், நாங்க ரெண்டு பேரும் ஹால்ல படுத்துக்குவோம், எங்க வீட்டு டிவி ரொம்ப நாளா ரிப்பேர். பதில் எல்லாம் எழுத வேண்டாம். முன்னாடி நீ வா. ரூமைப் பின்னாடி போட்டுக்கலாம்.