ஏழாம் நம்பர் ஸ்லைடு

"இன்னிக்கு ஒரு முட்டையாவது கண்ணுல படணும். இல்லேன்னா அஞ்சு மணிக்கு ரூமைக் காலி பண்ணிடுங்க" என்றார் இயக்குநர் அம்மா.

எலி சார் தலையாட்டினார். ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு அதுதான் பெயர். ஈரல் புழுவுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால், மனிதனைப் போலவே அந்த நோய் பிடிக்கிற ஒரு விலங்கு முதலில் வேண்டும். அதற்காகப் பன்னிரண்டு வெள்ளெலிகளுக்கு நான்கு மாதமாகப் புழுக்குஞ்சுகளை ஊட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுக்கும் நோய் வரவில்லை. அளவை இரட்டிப்பாக்கினார், எலிகளுக்குப் பசி இரட்டிப்பானது. தீனியைக் குறைத்தார், சுறுசுறுப்பாகிச் சக்கரத்தில் ஓடின.

எலிகளின் எச்சத்தில் புழு முட்டை தெரிந்தால்தான் பிழைப்பு. லேப் டெக்னீஷியன் சாப்பிடப் போயிருந்தார். அவர் மேசையில் காய்ந்துகொண்டிருந்த, '7' என்று எழுதிய ஸ்லைடை அவசரத்தில் எலி சாரே எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

முட்டை! ஒன்றல்ல, இருபது முப்பது!

"மேடம்! ஏழாம் நம்பர் மாட்டிக்கிச்சு!"

எட்டிப் பார்த்த இயக்குநருக்கு வாயெல்லாம் பல். நிலையத்தின் வேலையைச் சோதிக்க வந்து, பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஆய்வுக் குழுவைக் கையோடு அழைத்துவந்தார்.

குழுத் தலைவர் பார்த்தார். "பிரமாதம். சாம்பிள் எடுத்தது யாரு?"

பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "நானேதான் சார்."

"அப்ப அதே எலியோடது இன்னொண்ணு போடுங்க. எங்க கண்ணு முன்னாடி."

போட்டார். ஒன்றுமில்லை. "கை நடுங்கிடுச்சு" என்று இரண்டாவது போட்டார். சுத்தம். மூன்றாவது அதைவிடச் சுத்தம். கூண்டுக்குள் ஏழாம் நம்பர், தொந்தியோடு முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"எங்கேர்ந்தோ முட்டையைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க." குழுத் தலைவரின் குரல் இறங்கியது.

"சத்தியமா இல்ல சார்! இருபது வருஷ சர்வீஸ்…"

"இதை மோசடின்னுதான் நான் எழுதணும்."

இயக்குநர் அம்மா எலி சார் பக்கம் திரும்பினார். "உங்களை நம்பித்தானே இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்?"

எலி சார், வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டார்.

"கடைசியா கேக்கறேன்," என்றார் குழுத் தலைவர். "இது எந்தப் பிராணியோடது?"

கையைத் துடைத்தபடி உள்ளே வந்த டெக்னீஷியன், மைக்ராஸ்கோப்பைப் பார்த்ததும் பதறினார்.

"ஐயோ சார், அதை ஏன் எடுத்தீங்க? அது எலி லிஸ்ட் இல்ல, ஸ்டாஃப் மெடிக்கல் செக்கப் லிஸ்ட். அதுல ஏழாம் நம்பர் நீங்கதான்!"