பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குக் கெடு

பத்து வருஷத்தில் பத்து நாவல் எழுதுவது என்று ஒரு காலத்தில் முடிவு செய்தேன். அன்றுவரை நான் எழுதியதில் பெரியது, கம்பெனிக்குக் கொடுத்த லீவு லெட்டர். நாலு வரி. அதிலும் ஒரு வரியை சூப்பர்வைசர் அடித்துவிட்டார்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. படிப்பு ஒன்பதாவது. வீடு மீஞ்சூர் பக்கம். வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பெயிண்ட் டப்பாவுக்கு மூடி செய்கிற கம்பெனியில். மெஷின் திறக்கும், மூடி விழும், மெஷின் மூடும். இதில் பேச என்ன இருக்கிறது? ஆனால் மண்டைக்குள் மட்டும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டேஷன் கடையில் மாத நாவல் வாங்கி ரயிலில் படிப்பேன். முதல் பக்கத்தில் கொலை, கடைசிப் பக்கத்தில் கைது. இதை நாமே எழுதலாமே என்று பட்டது. (பரோட்டா தின்கிறவனுக்கெல்லாம் பரோட்டா போடத் தெரியும் என்று நினைக்கிற வயசு. இருபத்தேழு.)

அந்தச் சமயம் கம்பெனியில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். சமோசா உண்டு என்றதால் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு சார் பாடம் எடுத்தார். பெரிய இலக்கைச் சின்னச் சின்னதாக உடைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கெடு தேதி போட வேண்டும். யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். எழுதியதைக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். எங்கள் மெஷினுக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு போர்டு உண்டு. இன்றைக்கு எத்தனை மூடி போட வேண்டும், எத்தனை போட்டோம், குறைந்தால் ஏன். மற்றவர்கள் சமோசாவோடு பாடத்தையும் முழுங்கிவிட்டார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு நோட்டு வாங்கி, முதலில் பத்து வருஷத் திட்டம் போட்டேன். வருஷத்துக்கு ஒரு நாவல். ஐந்தாம் வருஷம் வேலையை விடுவது. பத்தாம் வருஷம் பாராட்டு விழா. மேடையில் யார் யார் உட்காருவது, யாரைக் கூப்பிடக் கூடாது (சூப்பர்வைசர்), எனக்கு என்ன கலர் சட்டை, எல்லாம் எழுதினேன். இதற்கே ஒரு மாசம் ஆகிவிட்டது.

அப்புறம் முதல் வருஷத்தை மட்டும் உடைத்து, பெரிய சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, உள் ரூம் சுவரில் ஒட்டினேன். கதை இதுதான். ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிறது. மனைவி கிணற்றில் பிணமாகக் கிடக்கிறாள். எல்லோருக்கும் புருஷன்மேல் சந்தேகம். கொன்றது வேறு ஆள். (யார் என்று எனக்கும் தெரியாது. அதற்கு ஜூலை வரை டயம் கொடுத்திருந்தேன்.) ஒரு அத்தியாயத்துக்கு ஒரு வரி, அதற்காக ஏதாவது பார்த்து வர வேண்டியிருந்தால் அதுவும். ‘அத்தியாயம்’ என்றோ ‘நாவல்’ என்றோ எங்கேயும் எழுதவில்லை. யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்ற வெட்கம். வெறும் நம்பர் போட்டேன். தலைப்பு மட்டும் அந்த சார் சொன்னபடியே வைத்தேன்: ‘என் இலக்குகள். முதல் வருஷம்.’

மூன்று மாசம் போனது. எழுதியது பதினோரு வரி. ‘குறைந்ததற்குக் காரணம்’ என்ற கட்டத்தில் மட்டும் தினமும் எழுதினேன். கரண்ட் இல்லை. கொசு. யோசனை வரவில்லை. கொசு. பிறகு அதையும் விட்டேன். தினம் பார்க்கிற சுவர் கண்ணில் படாது. சார்ட் அங்கே இருப்பதே மறந்துபோனது.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் அமைந்தது. ஏற்பாடு செய்தது ஏகாம்பரம் மாமா, என் அக்கா புருஷன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். பெண்ணுக்கு திருவாலங்காடு. நெல் விளைகிற சொந்த நிலம். பேர் கோமதி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை. பெண் பார்க்கப் போனபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“எத்தினி ஷிப்டு?”

“மூணு.”

“எங்களுக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. எனக்குப் போதுமாக இருந்தது. அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனிமேல் தேடமாட்டேன் என்று மாமா சொல்லியிருந்தார். அது பெரிசில்லை. இந்தப் பெண் போய்விடக் கூடாது என்று எனக்கே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் தையில் என்று பேச்சு. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வேன் பிடித்து வந்தார்கள். எட்டுப் பேர். வழக்கப்படி கோமதி வரவில்லை. அவளுடைய அம்மாவும் பெரியப்பாவும்தான் முக்கியம். அம்மா பாத்ரூம் பார்த்தார், மோட்டார் போட்டுத் தண்ணீர் பார்த்தார். பெரியப்பா வேறு வகை. எழுத்து என்று எது இருந்தாலும் நின்று, கண்ணாடி போட்டு, சத்தமாகப் படிப்பார். ஃபேன் டப்பாவில் இருந்ததைப் படித்தார். அரிசி மூட்டையைப் படித்தார். அப்படியே உள் ரூமுக்குப் போனார்.

போனபிறகுதான் எனக்கு சார்ட் ஞாபகம் வந்தது. ஓடினேன். அதற்குள் எல்லோரும் உள்ளே நின்றார்கள்.

சார்ட்டின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். என் அம்மா வைத்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகன் ஏதோ கம்பெனிப் பேப்பரை மரியாதையாக ஒட்டியிருக்கிறான், நல்ல காரியத்துக்கு ஆட்கள் வருகிற நாள் என்று வைத்துவிட்டார்.

“தம்பி, இது ஆரு எழுத்து?” என்றார் பெரியப்பா.

“என்னுதுங்க.”

“என் இலக்குகள். முதல் வருசம். பாத்தியாமா, இன்னா ஒரு பழக்கம்!” என்று கோமதியின் அம்மாவைப் பார்த்தார். மேலே படித்தார். ஒன்றாம் நம்பர் யார் காதிலும் ஏறவில்லை. “ரெண்டு. மனைவி வீட்டுக்கு வருதல். ஜனவரி.”

எல்லோர் முகத்திலும் சிரிப்பு. மாமா என் முதுகில் தட்டினார்.

“அஞ்சு. மாமியாருடன் சண்டை. பிப்ரவரி.”

“அதுக்கும் தேதி வெச்சிகினு கீறாரு பாரு!” என்று யாரோ சொல்ல, வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

“எட்டு. கிணறு பார்த்து வருதல். பொறுப்பு, நான், அம்மா. முடிந்தது. இன்னாமா, தூர் வாரப் போறீங்களா?”

“இல்லீங்க, சும்மா எத்தினி ஆழம்னு கேட்டான்” என்றார் அம்மா. “கூட்டிகினு போய்க் காட்டினேன். நல்ல ஆழம்.”

பெரியப்பா தலையாட்டினார். விரலை வரிவரியாக இறக்கினார்.

“பன்னெண்டு. மனைவி சாவு. மார்ச் முப்பத்தொண்ணு. பொறுப்பு, நான்.”

சிரிப்பு நின்றது. அவர் நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தத் தெரியாத மனுஷர்.

“பதிமூணு. போலீசுக்கு என்ன பதில்? யோசிக்கவும். பதினேழு. இரண்டாம் கல்யாணம். ஜூன்.”

கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். மூலையில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ‘கதை’ என்ற ஒரு வார்த்தை. வரவில்லை. எட்டுப் பேர் நடுவில், ஒன்பதாவது படித்தவன், நான் நாவல் எழுதுகிறேன் என்று சொல்வதா? கொலைகாரன் என்றால்கூட ஒரு பயம் இருக்கும், மரியாதை இருக்கும். எங்கே காட்டு என்று கேட்டால் பதினோரு வரியைக் காட்டுவதா?

“தம்பி, எந்த மனைவி இது?”

“இன்னும் பேர் வெக்கலீங்க.”

“இன்னாத்துக்கு அவ சாவணும்?”

“அப்பத்தான் நல்லா இருக்கும்.”

கோமதியின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“மொத வருசமே இப்டின்னா, மீதி வருசம்?” என்றார்.

“மொத்தம் பத்துங்க” என்றேன். “வருசத்துக்கு ஒண்ணு.”

(அந்த நேரத்தில் எனக்கு அது கணக்கான பதிலாகத்தான் தெரிந்தது.)

“டேய் மச்சான், வாயத் தொறந்து பேசுடா!” என்றார் மாமா. “இன்னாடா எழுதி வெச்சிகிற?”

“ப்ளானு மாமா.”

மாமா தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“தையில கல்யாணம். மார்ச்சுல சாவு” என்று கோமதியின் அம்மா விரல்விட்டு எண்ணினார். “ரெண்டு மாசங்கூட உடமாட்டீங்களா? கெணறு பாத்துட்டு வந்தியே, நீயும் ஒரு பொம்பளதானே?”

“ஐயோ, நான் ஆழந்தான் காட்டினேன்!” என்று என் அம்மா அழ ஆரம்பித்தார். அது இன்னும் மோசமாகப் போனது.

காப்பி ஆறிப்போனது. கைநனைக்காமலே செருப்பை மாட்டினார்கள். பெரியப்பா மட்டும் நின்று, சார்ட்டை போனில் படம் எடுத்தார். “போலீசு டேசன்ல காட்ட ஆவும்” என்றார். அதையே கோமதிக்கும் அனுப்பினார். தப்பித்தாய் மகளே என்று காட்டத்தான்.

நான் வாசலில் நின்றேன். வேன் டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். போய்விட்டது என்று நினைத்தேன். அப்போதும் வாய் வரவில்லை.

பெரியப்பாவின் போன் அடித்தது. கோமதி. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“பாத்தியாமா அந்தக் கொலகாரன் எழுத்த?”

“பாத்தேன் பெரிப்பா. எங்க கம்பெனிலயும் இப்டித்தான் போர்டு வெப்பாங்க. போன அவரு கைல குடு.”

“அவன் கைலயா?”

“குடு பெரிப்பா.”

கொடுத்தார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

“ஒண்ணாம் நம்பர்ல ‘ஊரை வர்ணித்தல்’னு கீதே. இன்னா அது, கதையா?”

அவளே சொல்லிவிட்டாள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

“ஆமா.”

“நீங்க எழுதுறதா?”

“ஆமா.”

“எத்தினி நாளா?”

“மூணு மாசம்.”

“எவ்ளோ ஆச்சு?”

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. பெரியப்பா முறைத்துக்கொண்டிருந்தார்.

“பதினோரு வரி.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. திருவாலங்காட்டிலிருந்து மீஞ்சூர்வரை போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

“பெரிப்பா, பயப்படாத” என்றாள். “இவரு வேகத்துக்குப் பன்னெண்டாவது அத்தியாயம் வர்றதுக்குள்ள நான் பேரன் பேத்தி எடுத்துடுவேன். காப்பி குட்சிட்டு வாங்க.”

எட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் காப்பி போட்டார். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். அந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை. எழுதத் தெரிந்திருந்தால் பத்து நாவலும் வந்திருக்கும்.

பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கதைன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா தம்பி?”

“வெக்கமா இருந்திச்சுங்க.”

“கொலகாரன்றதுக்கு வெக்கமா இல்லியா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. சொல்லவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. சார்ட்டை அதற்கு முன்பே கிழித்துப்போட்டேன். பத்து வருஷத் திட்டம் எழுதிய நோட்டில் கோமதி பால் கணக்கு எழுதினாள். திட்டப்படி நான் இப்போது எட்டாவது நாவலில் இருக்க வேண்டும். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். விடவில்லை. நல்லதாகப் போயிற்று. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

எழுதுவதை மட்டும் விடவில்லை. வார லீவில் மத்தியானம் உட்காருவேன். கெடு கிடையாது, கட்டம் கிடையாது. வந்தால் அரைப் பக்கம், வராவிட்டால் தூக்கம். அதே நாவல்தான். கோமதி படிப்பாள். “இவ பாவம், நல்லவளா கீறா” என்பாள். அவ்வளவுதான் சொல்வாள். பதினோராம் அத்தியாயம்வரை வந்துவிட்டேன். அந்த மனைவி குடத்தோடு கிணற்றடியில் நிற்கிறாள். இரண்டு வருஷமாக நிற்கிறாள். உள்ளே தள்ள எனக்குக் கை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை வரவழைத்துப் பேசவைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரைக்கும் நாற்பது பக்கம் பேசிவிட்டார்கள்.

வருஷா வருஷம் மார்ச் முப்பத்தொன்று வந்தால் காலையிலேயே பெரியப்பாவிடமிருந்து போன் வரும். ஆரம்பத்தில் அவர் மட்டும் பேசினார். இப்போது திருவாலங்காட்டில் வீடே கூடி நின்று பேசுகிறது. இந்த வருஷமும் வந்தது. என் மகள் எடுத்தாள்.

“அம்மா கீறாளா கண்ணு?”

“தோச சுட்டுகினு கீறாங்க, தாத்தா.”

அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“எதுல கீறீங்க மாப்ள?”

“பதினொண்ணுலதாங்க.”

“அவசரமே இல்ல” என்றார். “பொறுமையா எழுதுங்க.”