நூற்று இருபத்தேழு டிகிரி

"இது கம்ப்யூட்டரா, மாவு மிஷினா?" என்று மெய்ப்புத் திருத்துபவர் மேசையைத் தட்டினார்.

அகராதியின் 'ப' வரிசை திரையில் விரிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். போன வருடம் இதே நாற்காலியில் மயங்கிச் சரிந்து ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்ததில், முந்தைய தொகுதி கைமாறிப் போயிருந்தது. இந்த முறையும் தாமதமானால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பதிப்பாசிரியர் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

பெட்டிக்குள் இருந்த விசிறியோ ஒற்றெழுத்தைத் தேட விடாமல் இரைந்தது. போதாக்குறைக்கு, யோசித்தபடி ஐந்து நிமிடம் கையை எடுத்தால் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடும். தூங்கினால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் அடுக்களையிலிருந்து மனைவி ஈரக்கையோடு வந்து நிற்பாள்.

"என்னங்க?"

"யோசிச்சிட்டு இருக்கேன்."

"சரி, யோசிங்க."

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவள் தம்பிக்குப் போன் போட்டார்.

"மச்சான், நீ மாட்டிக் கொடுத்த பெட்டி காது கிழியக் கத்துது."

"கத்தட்டும் மாமா. நல்லதுதான்."

"யாருக்கு நல்லது?"

"கடைல ஆள் வந்திருக்கு மாமா" என்று அவன் வைத்துவிட்டான்.

சரி, நாமே பார்ப்போம் என்று, உள்ளே இருக்கும் சூட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கினார். எழுத்து எதுவானாலும் சந்தேகப்படுவது அவர் தொழில். எண்ணை மட்டும் அப்படியே நம்பிவிடுவார். ஆறு சென்சார்களில் ஐந்து நாற்பதுக்குள் இருந்தன. ஆறாவது, நூற்று இருபத்தேழு டிகிரி.

"ஏம்மா, தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்?"

"நூறு. ஏன்?"

"இது அதையும் தாண்டிடுச்சு!"

அவள் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுனு இருக்குங்க."

"உன் கையை நம்பறதா, சென்சாரை நம்பறதா?"

"முப்பது வருஷமா என் கையை நம்பித்தானே சாப்பிடறீங்க?"

அவர் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, மேசை விசிறியை அதன் எதிரே வைத்து முழு வேகத்தில் திருப்பினார். ஒப்பிட்டுப் பார்க்க அச்செடுத்து வைத்திருந்த 'ப' வரிசைத் தாள்கள் மொத்தமும் எழுந்து பறந்தன. 'பகை' குளியலறையில் நனைந்தது. 'பணிவு' கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தவழ்ந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்து, இரைவது எந்த விசிறி என்று கண்டுபிடிக்கச் சிவப்புப் பென்சிலை உள்ளே நுழைத்தார். விசிறி நின்றது. பெட்டி இரண்டு முறை கீச்சிட்டு அணைந்தது. மனைவி துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, என்னங்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பெட்டிதான் போச்சு."

"அப்பாடா!"

"அப்பாடாவா? காலைல இருந்து திருத்தினது அத்தனையும் போச்சு!"

நடந்ததைக் கேட்டு மச்சான் போனில் சிரித்தான். "மாமா, நூத்திருபத்தேழு காட்டற இடத்துல சென்சாரே கிடையாது. எதையும் மாட்டலன்னா அப்படித்தான் காட்டும்."

"இல்லாத ஒண்ணுக்கு எதுக்குடா டிகிரி?"

அன்று மாலை பெட்டி மறுபடி ஓடியது. கம்ப்யூட்டரைப் போடும்போதே டெலிட் பட்டனை அழுத்தினால் வரும், பெட்டியின் அமைப்புகளை மாற்றும் நீலப் பக்கத்தை அவரே கண்டுபிடித்தார். விசிறிக்கு எதிரே 'முழு வேகம்' என்றிருந்ததை 'அமைதி' என்று மாற்றினார். வீடே மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது.

மறுநாள் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் பழையபடி முழு வேகம். மாற்றினார். அதற்கடுத்த நாளும் அதே கதை. போதாததற்கு, டெலிட் பட்டன் ஈரமாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வாசனை வேறு.

"வைரஸ் வந்திருக்கு" என்று மனைவியிடம் சொன்னார்.

"வரும், வரும். காலம் கெட்டுக் கிடக்கு" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வியாழக்கிழமை காலை நீலப் பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினார். விசிறி வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் மனைவி தண்ணீரோடு வந்தாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் துடைப்பத்தோடு. பிறகு, "கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

"கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

'பரிவு' என்ற ஒரே சொல்லை ஒன்பது முறை படித்த பிறகு அவர் மீண்டும் போனை எடுத்தார். "மச்சான், உடனே வா. கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு. உன் அக்காவுக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு."

மச்சான் வந்தான். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க மாமா."

"எதுக்கு? மறுபடியும் கத்தறதுக்கா?"

"கத்தத்தான் மாமா; போன வருஷம் நீங்க விழுந்தது அரைமணி நேரம் அடுப்படிக்குத் தெரியல, அதனால உங்க கை அஞ்சு நிமிஷம் அசையலன்னா சத்தம் நின்னு தனக்குத் தெரியணும்னு அக்காதான் என்னை இப்படி மாட்டித் தரச் சொன்னா."