பிராட்பேண்டுக்குப் பேரம் பேசிய சனிக்கிழமை

கடந்த சனிக்கிழமை காலை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. வீட்டு பிராட்பேண்டுக்கு அதிகமாகப் பணம் கட்டுகிறோமா என்று விசாரித்து வருவது. பத்து நிமிட வேலை.

ஐயத்தை விதைத்தவர் அடுத்த வீட்டு ஜமால் பாய். கீழ்வேளூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். முந்தின நாள் மாலை மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"அண்ணே, நெட்டுக்கு எவ்வளவு கட்டுறீங்க?"

"எழுநூறு."

"எழுநூறா! நான் நானூறுதான் கட்டுறேன். உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்!"

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பின்னர் நூலகத்தில் அமர்ந்து உலகத்தை நானே கற்றுக்கொண்டவன் நான். நெல் வியாபாரிகளே என்னிடம் விலை பேச அஞ்சுவார்கள். என் தலையிலா மிளகாய்!

என் மனைவி கமலம் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சனிக்கிழமைதோறும் பத்தரை மணிக்குச் சிங்கப்பூரிலுள்ள ஆறு குழந்தைகளுக்குக் கணினி வழியே தமிழ் கற்பிக்கிறாள். அன்று பெற்றோர்களும் அமர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இன்னும் பத்துக் குழந்தைகள் சேரும்.

"என்னங்க, இன்னிக்குப் போயி நெட்டை நோண்டாதீங்க. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"கேக்கத்தானே போறேன் கமலம். வயரைப் பிடுங்கவா போறேன்?"

இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பிராட்பேண்டு அலுவலகம் மருந்துக்கடைக்கு மேலே, ஒரே அறை. கணினிக்கு முன்னால் ஒரு பெண். மிகவும் பணிவானவர். அந்தப் பணிவுதான் என்னைக் கெடுத்தது.

"ஏம்மா, அடுத்த வீட்டுக்கு நானூறு, எனக்கு மட்டும் எழுநூறா?"

"அவங்களோடது வேற பிளானுங்க ஐயா. உங்களுக்கு வேகம் அதிகம்."

வேகமாம்! நான் என்ன மாட்டுவண்டிப் பந்தயமா விடுகிறேன்?

இவ்விடத்தில் என் அனுபவ ஞானம் விழித்துக்கொண்டது. மாட்டுச் சந்தையில் விலை படியாவிட்டால், "வேண்டாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட வேண்டும். பத்தடி தாண்டுவதற்குள் கைதட்டிக் கூப்பிடுவார்கள். நாற்பது ஆண்டுகளில் இது ஒருமுறையும் பொய்த்ததில்லை.

"நானூறுன்னா வச்சுக்கறேன். இல்லேன்னா லைனை வெட்டிடும்மா!"

"நிச்சயமாவாங்க ஐயா?"

"ஒரே பேச்சு!"

துண்டை உதறினேன். படியிறங்கினேன். பத்தடி நடந்தேன். குரல் வரவில்லை.

செருப்பைச் சரிசெய்பவன்போல் குனிந்து, அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்பளித்தேன். அதுவும் வீணாயிற்று. இருபதாவது அடியில் டீக்கடை. மாடிப்படியைப் பார்த்தபடியே ஒரு டீ குடித்தேன். பிறகு இன்னொன்று.

கைப்பேசி கிணுகிணுத்தது. வழிக்கு வந்துவிட்டார்கள்!

'உங்கள் கோரிக்கையின்படி இணைப்பு துண்டிக்கப்பட்டது. நன்றி.'

நன்றி வேறு!

மறுநிமிடமே கமலம் அழைத்தாள். "என்னங்க, பெட்டியில சிவப்பு விளக்கு எரியுது. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

மணி பத்தேகால். இறங்கிய படிகளில் இரண்டிரண்டாக ஏறினேன்.

"ஐயா, நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?"

"சொன்னேம்மா... ஆனா நீ கூப்பிடுவேன்னு..."

"எதுக்குங்க ஐயா கூப்பிடணும்?"

பழைய இணைப்பையே உடனே திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். புது இணைப்பாகத்தான் போட வேண்டும், ஆள் வர மாலையாகிவிடும் என்றார்.

வேறு வழியின்றிக் கமலமும் மடிக்கணினியும் ஜமால் பாய் வீட்டுக் கூடத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். "டீச்சர், நம்ம வீடுதான், தாராளமா நடத்துங்க!" என்று அவர் மின்விசிறியையும் திருப்பி வைத்தார்.

கமலம் விரலை உயர்த்தி, "ஆடு" என்று தொடங்கினாள். அவ்வளவுதான். 'ஆ'வுக்குத் திறந்த வாயோடு படம் உறைந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து ஒரு மழலைக் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அம்மா, டீச்சர் ரொம்ப நேரமா கொட்டாவி விடுறாங்க!"

மூன்று முறை முயன்றார்கள். மூன்று முறையும் கொட்டாவி. இறுதியில் ஒரு தாயார், "அடுத்த சனிக்கிழமை பாக்கலாம் டீச்சர். அப்பவும் இப்படின்னா கஷ்டம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

"என்ன பாய் இது?" என்றேன்.

"எனக்கு வாட்சப் பாக்க இது போதும்ணே. நானூறு ரூவாய்க்கு யானையா வந்து தேர் இழுக்கும்?"

மாலையில் ஆள் வந்தார். "அதே எழுநூறு ரூபாய் பிளான்தானே?" என்று அலுவலகப் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"அதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சுங்க ஐயா. பழைய ஆளுங்கிறதால உங்களுக்கு மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதே வேகம் இப்ப தொள்ளாயிரம்."

சரி என்றேன். துண்டு தோளிலேயே கிடந்தது.

பத்தடிக் கதையைக் கேட்டு முடித்த கமலம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடியற வரைக்கும், அந்தப் பெட்டியிலேருந்து பத்தடி தள்ளியே நில்லுங்க. நான் கூப்பிட மாட்டேன்."

அதிகமாகக் கட்டுகிறோமா என்று விசாரிக்கத்தானே போனேன்? விடை கிடைத்துவிட்டது: வெள்ளிக்கிழமை வரை இல்லை.